90-இல் உதறும் ஸ்டீயரிங்: எங்கள் எஸ்.யு.வி.யில் காரணம் தேடியதும் சரிசெய்ததும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் மட்டுமே ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் உதறல் இருந்தாலும், அது பல மாதங்கள் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலையில் வளைவும் நெரிசலும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட விடுவதில்லை. ஆரல்வாய்மொழியைக் கடந்து, காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையைப் பிடித்துத் திருநெல்வேலி நோக்கிப் போகும்போதுதான் கோளாறு வெளிப்படுகிறது. எங்கள் வீட்டு வண்டி, 17 அங்குல அலாய் வீல் கொண்ட, முன்சக்கர இயக்கமுள்ள ஏழு இருக்கை டீசல் எஸ்.யு.வி. அது 70,000 கிலோமீட்டரைக் கடந்த பிறகு, 90-க்கும் 105-க்கும் இடையில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. அதற்கு மேல் போனால் உதறல் சற்றே தணிந்தது.

இந்த வேக வரம்புதான் முதல் துப்பு. 215/60 ஆர்17 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.17 மீட்டர் என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுழல்கிறது. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களும் இயல்பாக ஆடும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 என்ற அளவிலேயே இருப்பதால், இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சிறு குறை பெரிதாகிக் கைக்கு வருகிறது. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு சக்கரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த செம்மண்ணே இந்த வேலையைச் செய்துவிடும் என்பதால், கடைக்குப் போகும் முன் ரிம்களை உட்புறமாகக் கழுவிப் பார்ப்பது நல்லது.

உதறல் பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கையும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து காலை எடுத்ததும் நின்றால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்டையும், வண்டி நிற்கும்போதே இருந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கையும் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வண்டியில் இவை எதுவும் பொருந்தவில்லை. ஆடி மாதத்தில் முப்பந்தல் பக்கம் அடிக்கும் காற்று உயரமான வண்டியை உலுக்கத்தான் செய்யும். ஆனால் அது ஒழுங்கில்லாமல் வந்து போகும், சக்கரக் கோளாறோ வேகத்தோடு ஒட்டியே நிற்கும்.

உதறல் என்று சொன்னதுமே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்க்கச் சொல்லும் கடைகள் இங்கே அதிகம். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒருபுறமாகத் தேய்வதற்கும் அலைன்மென்ட் மருந்துதான். குறிப்பிட்ட வேகத்தில் வரும் உதறலுக்கு நேரடி மருந்து அதுவன்று. நாங்கள் பேலன்சிங்கில், அதாவது சக்கரத்தை இயந்திரத்தில் சுழற்றி, ரிம்மில் சிறு எடை ஒட்டிச் சமன் செய்வதில், தொடங்கினோம். உதறல் குறைந்தது, ஆனால் போகவில்லை. பிறகு முன்சக்கரங்களை அதே பக்கத்துப் பின்சக்கரங்களோடு இடம் மாற்றினோம். காசு செலவில்லாத இந்தச் சோதனை மிகத் தெளிவான விடையைத் தந்தது: ஸ்டீயரிங் அமைதியானது, நடுக்கம் இருக்கைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், சஸ்பென்ஷனின் ரப்பர் பாகமான லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றின் மேல் இருந்த சந்தேகம் அத்துடன் பெருமளவு நீங்கி, பழி சக்கரத்தின் மேலேயே விழுந்தது.

கழற்றிய சக்கரங்களை இயந்திரத்தில் மாட்டி, எண்களைப் பார்க்காமல், சுழலும் விளிம்பையே பக்கவாட்டில் இருந்து பார்க்கச் சொன்னோம். இடது முன்புறத்தில் இருந்த ரிம்மின் உள்விளிம்பு, ஏதோ ஒரு பள்ளத்தில் அடிபட்டு வளைந்திருந்தது; வெளியிலிருந்து பார்த்தால் கீறல்கூடத் தெரியாது. வளைந்த ரிம்முக்கும் எடை ஒட்டி இயந்திரத்தில் சுழியத்தைக் காட்டிவிடலாம், ஆனால் அதனால் ரிம் வட்டமாகிவிடாது. சூடுபடுத்தித் தட்டி நிமிர்த்தித் தரும் இடங்கள் உண்டு. அலாயைக் கண்டபடி சூடாக்கினால் அதன் உறுதி குறையும் என்பதால், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்துப் புது ரிம் வாங்கினோம். அப்போதே டயர்களின் வயதையும் பார்த்தோம். பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

புது ரிம் வந்த பின்னும் மெல்லிய நடுக்கம் மிஞ்சியது. அதன் காரணம், ரிம் பொருந்தி உட்காரும் ஹப்பின் முகப்பில் இருந்தது. குளச்சல், முட்டம் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளில் கடற்காற்றின் உப்பு அங்கே துருவைத் திரள வைக்கிறது. அந்தத் துருவின் மேல் ரிம் உட்காரும்போது சக்கரம் நூலளவு சாய்ந்தே சுழல்கிறது. கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்காமல், எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கச் செய்தோம். அந்த நடுக்கமும் போனது.

அதற்குப் பிறகு இரண்டு பருவமழைகளையும் பார்த்துவிட்ட வண்டி, இன்று 100-இலும் நேராகவே போகிறது. சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது ஹப்பைத் தேய்த்துவிடச் சொல்கிறோம். கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை. அண்மையில் வேகத்தில் பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டீயரிங்கில் லேசான துடிப்பு வருகிறது. அது டிஸ்க்கின் கனம் சீராக இல்லாததன் அடையாளம் என்பதால், லேத்தில் கடைய இடம் இருக்கிறதா என்று அறிய, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கன அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அடுத்த சர்வீஸில் இருக்கிறது.