அரத்துக்குக் கொடுக்கும் விலை: அமெரிக்கக் கைவினைத் துப்பாக்கிகள்

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச் மாதம் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட, ‘1911’ என்றே அழைக்கப்படும் .45 காலிபர் (குழலின் விட்டம் 0.45 அங்குலம்) கைத்துப்பாக்கி, 1985இல் இத்தாலியின் பெரெட்டா துப்பாக்கி அதன் இடத்துக்கு வரும்வரை அந்தப் படையின் இடுப்பில் இருந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் அதை இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்கக் கடைகளில் 1000 டாலருக்கும் குறைவாகவே கிடைக்கிறது. அதே வடிவத்துக்கு 3000 டாலரும் 5000 டாலரும் கேட்கும் பட்டறைகளில் எதற்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

அந்த விலையில் பெரும்பகுதி எஃகுக்கானதன்று, அரத்துக்கானது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றிலும் பொருந்த வேண்டும், சேறு புகுந்தாலும் இயங்க வேண்டும் என்பதால் இராணுவத்துக்குச் செய்தபோது உறுப்புகளுக்கிடையே இடைவெளி தாராளமாக விடப்பட்டது. கைவினைப் பட்டறைகளிலோ உறுப்புகளை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக வெட்டி, ஒன்றோடொன்று இழைந்து ஓடும்வரை கையால் அராவுகிறார்கள். குழலின் முனையைத் தாங்கும் புஷிங்கும், குழலை ஸ்லைடோடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) பூட்டும் பற்களும், ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் குழலை அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் தோட்டாக்கள் நெருங்கி விழும். ஸ்லைடு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து மயங்குகிறவர்கள் பலர். குறியின் துல்லியத்தில் அதன் பங்கு குழல் பொருத்தத்தின் பங்கைவிடக் குறைவு. கடையில் துப்பாக்கி காலியாக உள்ளதை உறுதி செய்துகொண்டு, ஸ்லைடு மூடிய நிலையில் தோட்டா வெளியேறும் திறப்பின் வழியே தெரியும் குழலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். அது சிறிதேனும் அமிழ்ந்தால், மெருகு எவ்வளவு பளபளத்தாலும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கென்றே செய்ததுபோல் இருப்பவை அயோவா மாநிலத்தின் லெஸ் பேர் துப்பாக்கிகள். 50 கஜத் தொலைவில் 3 அங்குலத்துக்குள் தோட்டாக்கள் விழும் என்று உறுதி தரும் இப்பட்டறை, கூடுதல் கட்டணத்துக்கு அதை ஒன்றரை அங்குலமாகச் சுருக்கித் தருகிறது. இந்த வரிசையில் விலையும் ஒப்பளவில் குறைவு. ஆனால் அந்த இறுக்கத்துக்கு ஒரு வரி கட்ட வேண்டும்: புதிதில் ஸ்லைடை இழுப்பதே ஒரு உடற்பயிற்சி, 500 தோட்டாக்களாவது சுட்ட பிறகுதான் அது இளகும். அந்தத் தோட்டாச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மற்ற இரண்டு பெரிய பெயர்களும் ஆர்க்கன்சா மாநிலத்தின் பெரிவில் என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவை. கடிகாரத் தொழில் பயின்ற பில் வில்சன், குடும்ப நகைக்கடையின் பின்புறத்தில் 1977இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய வில்சன் காம்பாட். அங்கிருந்து வெளியேறியவர்கள் 2004இல் தொடங்கிய நைட்ஹாக் கஸ்டம், ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கைவினைஞரிடம் ஒப்படைக்கிறது. அவர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பிடியின் மரப்பலகைக்கு அடியில், திருகைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில் பொறிக்கிறார். அழகான ஏற்பாடுதான், அதற்குத் தனி விலையும் உண்டு. எனினும் நைட்ஹாக் கூடுதலாகக் கேட்கும் தொகை சுடும்போது தெரிவதில்லை, கையில் வைத்துப் பார்க்கும்போதே தெரிகிறது என்பது என் மதிப்பீடு. ஒரே துப்பாக்கியை ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சுடப்போகிறவருக்கு வில்சனே ஏற்றது. அதன் மேகசின்களை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிகளை, பிற பட்டறைத் துப்பாக்கிக்காரர்களும் வாங்கிப் பயன்படுத்துவது சும்மா அன்று. 1911 வகையில் தோட்டா சிக்குவதற்கு மேகசினே அடிக்கடி காரணமாகிறது.

பென்சில்வேனியாவின் காபட், நமீபியாவில் விழுந்த கிபியான் விண்கல்லிலிருந்தே ஒரு ஜோடித் துப்பாக்கிகளைச் செய்தது. அதைப் பேழையில் வைத்துப் பூட்டலாம். சுட மனம் வருமா என்பது ஐயமே. ஆனால் இடக்கைக்காரர்களுக்காக, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல முழுவதும் திருப்பி வடிவமைத்த துப்பாக்கிகளையும் இப்பட்டறை செய்கிறது. வெற்றுத் தோட்டாக்கூடு முகத்துக்குக் குறுக்கே பறப்பதைச் சகித்துப் பழகியவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தோன்றாது. உடையினுள் மறைத்து எடுத்துச் செல்பவர்கள் மிசூரியின் எட் பிரௌனைப் பார்க்கலாம். பிடியின் பின்மூலையைச் சாய்த்து வெட்டும் பாப்டெயில் அவருடையது, அந்த மூலைதான் சட்டைக்கு வெளியே துருத்தும்.

நான் ஆர்டர் எழுதினால் வில்சனிடம்தான் எழுதுவேன்: 5 அங்குலக் குழல், .45 காலிபர், 4 பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் விசை, பிடியின் முன்புறத்தில் வழுக்காத கட்டக்கோடுகள், பூவேலை எதுவும் வேண்டாம். மிஞ்சும் பணத்தில் ஆறு மேகசின்களும், சில மாதங்களுக்குப் போதுமான தோட்டாக்களும்.