சாப்பிடாமலே ஏறிய சர்க்கரை: 14 நாள் சென்சார் ஒன்றின் மதிப்புரை

மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, 14 நாட்களுக்குச் சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் சென்சார் ஒன்றை ஏறத்தாழ 5,000 ரூபாய்க்கு வாங்கி, அந்த 14 நாட்களும் முடியும்வரை அணிந்திருந்தேன். ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வரும் எனக்கு, இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, சப்பாத்திக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே நோக்கமாக இருந்தது. அந்தக் கணக்கு நான்கே நாட்களில் தெரிந்துவிட்டது. இட்லி நான் நினைத்ததைவிட மோசம்.

ஒன்பதாம் நாள் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளச் சென்றேன். காலை உணவுக்குப் பிறகு நான்கு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை. காத்திருப்பு அறையில் அமர்ந்தபோது 112 காட்டிய கோடு, உள்ளே அழைக்கப்படுவதற்குள் 151-ஐத் தொட்டது. பல் மருத்துவத்தில் மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும், சர்க்கரையை ஏற்றக்கூடிய அட்ரினலின் என்ற ஹார்மோன் கலந்திருக்கும் என்பதால் அதன்மேல் பழி போடத் தோன்றும். ஆனால் ஊசி போடும் முன்பே ஏற்றம் முடிந்திருந்தது. தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கும் இக்கருவி, இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், என் உடம்பு வாசலிலேயே பயந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

அச்சத்தின்போது அட்ரீனல் சுரப்பி அட்ரினலினையும், கணையத்திற்குள் ஓடும் நரம்பு நுனிகள் நார்அட்ரினலினையும் வெளிவிடுகின்றன. இவை, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் மேலுள்ள ஆல்பா-2 ஏற்பிகளில் (ஹார்மோன் வந்து பொருந்தும் இடங்களில்) பொருந்தியதும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு குறைகிறது, கால்சியம் உள்ளே வருவது மட்டுப்படுகிறது, இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து திறக்கும் கடைசிப் படியும் தடைபடுகிறது. சரக்கு கிடங்கில் இருந்தும் கதவு திறப்பதில்லை. அதே நேரத்தில் அருகிலுள்ள ஆல்பா செல்கள், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானைச் சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இறக்குகிறது. மன அழுத்தத்தில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் இவ்வளவு அவசரப்படுவதில்லை. மணிக்கணக்கில் வேலை செய்து, கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைத்து, தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கிறது. நோயற்றவரின் பீட்டா செல்கள் கூடுதலாகச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். என்னுடையவற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. விடியற்காலையில் என் கோடு வெறும் வயிற்றிலேயே மேலேறியதிலும் கார்ட்டிசாலுக்குப் பங்குண்டு.

பழைய செய்திதான் இது. ஹார்வர்டின் உடலியல் அறிஞர் வால்டர் கேனனும் உடன் பணியாற்றியோரும், நாயைக் கண்டு மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வருவதை 1911-இலேயே பதிவு செய்தார்கள். பின்னர் கால்பந்து வீரர்களைச் சோதித்தபோது, களத்தில் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று வீரர்கள் சிலரின் சிறுநீரிலும் சர்க்கரை இருந்தது. 2010-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு, ஒரு மரபணு வேறுபாட்டால் சிலருடைய பீட்டா செல்களில் ஆல்பா-2 ஏற்பிகளில் ஒரு வகையான ஆல்பா-2ஏ ஏற்பிகள் மிகுந்திருப்பதையும், அதனால் இன்சுலின் வெளியீடு குறைந்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு வழி ஏற்படுவதையும் காட்டியது.

நூறாண்டு பழைய இந்த அறிவு கருவியோடு வரும் செயலியை எட்டவில்லை என்பதே என் முதல் குறை. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்கிறதே தவிர, தூக்கமின்மை, சண்டை, பயம் என்று குறிக்க ஓர் இடம்கூட இல்லை. பல் பிடுங்கிய நேரத்தை 'மதிய உணவு' என்று பதிந்துவைத்தேன். தவிர, கையை அழுத்திப் படுத்தால் நள்ளிரவில் 58 என்று அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 97. பன்னிரண்டாம் நாள் வியர்வையில் ஒட்டு ஓரம் கிளம்ப, பிளாஸ்திரி போட்டுச் சமாளித்தேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, வேலை நெருக்கடி உள்ள வாரமும் ஓய்வான வாரமும் சேர்ந்து வருமாறு நாள் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம். மாதந்தோறும் வாங்குமளவுக்கு எனக்குத் தேவைப்படவில்லை. தூக்கமின்மை, சண்டை, பயம் ஆகியவற்றை நேரத்தோடு குறித்த தாளொன்றை, நான் வைத்திருந்ததுபோல, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் என் வரைபடத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்; மாத்திரையின் அளவைக் கூட்டாமல் அனுப்பிவைத்தார்.