புண் கல்ச்சருக்கு எதை அனுப்புவது: ஸ்வாபா, சதைத் துண்டா?

ஆஸ்பத்திரியில் இருப்பவரின் புண்ணில் சீழ் வைத்தால், எந்த ஆன்டிபயாடிக் என்ற பேச்சுதான் முதலில் வரும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, லேபுக்கு என்ன போனது என்று கேட்பவர்கள் குறைவு. ரிப்போர்ட்டை நம்பலாமா கூடாதா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டு எடுப்பது, சுலபம். வார்டு நர்ஸே எடுத்துவிடலாம். அந்தச் சுலபமே வினையாகிறது. கட்டைப் பிரித்த கையோடு மேலே தேங்கிய சீழைத் தொட்டு அனுப்பினால், புண்ணின் மேற்பரப்பில் குடியிருக்கும் கிருமிகள்தான் வளரும். சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ் என வரிசையாகப் பெயர்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் மருந்து ஏறும். உள்ளே சதையைத் தின்பது வேறொன்றாக இருக்கலாம். வீணாக ஏறிய மருந்துக்குச் சாதாரணக் கிருமிகள் செத்து, எதற்கும் அசையாதவை மட்டும் பெருகும்.

ஸ்வாப்தான் என்றால் லெவின் முறையில் எடுங்கள். நார்மல் சலைனால் (உப்பு நீரால்) கழுவி, அழுகல் படலத்தையும் பொருக்கையும் தவிர்த்து, சிவந்த சதையில் 1 சதுர செ.மீ. இடத்தில் 5 விநாடி அழுத்திச் சுழற்ற வேண்டும். சதைக்குள்ளிருந்து நீர் கசிந்து பஞ்சில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அழுத்தம் போதவில்லை. புண் முழுக்க இசட் வடிவில் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். கழுவ, கிருமிநாசினியான பொவிடோன் அயோடின் வேண்டாம், கல்ச்சரே வளராமல் போகலாம்.

சதைத் துண்டு, அழுகலை வெட்டி நீக்கிய பிறகு புண்ணின் அடியிலிருந்து எடுப்பது: கியூரெட் என்ற கருவியால் சுரண்டியோ, வட்டக் கத்தியால் 3–4 மி.மீ. துண்டு குத்தியெடுக்கும் பஞ்ச் பயாப்ஸியாகவோ. ஆக்சிஜன் பட்டால் சாகும் கிருமிகள் ஸ்வாபைவிட இதில் பிழைத்துக் கிடைக்கும். வலி, ரத்தக் கசிவு, டாக்டர் வேண்டும் என்பவை குறைகள். பெரிய விபத்து வேறு: பயாப்ஸி என்றதும் பழக்க தோஷத்தில், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடுவது. அதில் எல்லாக் கிருமியும் செத்துவிடும். ஸ்டெரைல் டப்பா, சில துளி சலைன், அவ்வளவே.

உடையாத சீழ்க்கட்டி என்றால் இரண்டும் வேண்டாம், சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கலாம்.

சர்க்கரை நோயாளியின் கால் புண், எலும்பு தெரியும் புண், மருந்துக்கு அடங்காத புண் எல்லாவற்றுக்கும் சதைத் துண்டுதான். புதிய, மேலோட்டமான ஆபரேஷன் புண்ணுக்கு லெவின் ஸ்வாப் போதும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் எதுவும் இல்லாத புண்ணிலிருந்து எதையும் அனுப்பாதீர்கள்.

எதுவானாலும் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன் எடுத்து, 2 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயினில் சீழ் செல்கள் குறைந்து தோல் செல்கள் நிறையத் தெரிந்தால், வளர்ந்த கிருமியின் பெயரைப் பார்த்து மருந்தை மாற்றாமல் மறுபடி சாம்பிள் எடுங்கள்.