செல்லோ vs மத்த மூணு: வயலின், வியோலா, டபுள் பாஸ்

வயலின பெருசாக்கினா செல்லோ, அதையும் பெருசாக்கினா டபுள் பாஸ், இப்படித்தான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, பாக்கவும் அப்படித்தான் இருக்கு. ஆனா ஸ்ருதி சேக்கறத பாத்தா செல்லோவுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யாருமே கண்டுக்காத வியோலாதான்.

ரெண்டுக்கும் நாலு கம்பியும் அதே சி, ஜி, டி, ஏ, செல்லோ கரெக்டா ஒரு ஸ்தாயி கீழ இருக்கும், அவ்ளோதான். வயலின்ல ஜி, டி, ஏ, ஈ. இந்த மூணுலயும் கம்பிக்கு கம்பி ச-ப இடைவெளி. டபுள் பாஸ் மட்டும் ஈ, ஏ, டி, ஜி, அதாவது ச-ம இடைவெளி, பாஸ் கிடார் வாசிக்கறவங்களுக்கு உடனே புரியும். காரணம் சிம்பிள், கம்பி நீளமே ஒரு மீட்டருக்கு மேல, அதுல ச-ப வெச்சா இடது கை மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இருக்கணும்.

இப்போ சைஸ் விஷயம், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். வயலின் உடம்பு சுமார் 36 செ.மீ. வியோலா அதவிட ஒரு பஞ்சமம் (அதே ச-ப இடைவெளி) கீழ பேசுது, அப்போ கணக்குப்படி ஒன்றரை மடங்கு, 54 செ.மீ. இருக்கணும், ஆனா தாடைக்கு அடியில வெச்சு வாசிக்கணுமே, அதனால 38லேர்ந்து 43க்குள்ள நிறுத்திட்டாங்க, குரலுக்கு பெட்டி பத்தல, அந்த லேசா மூக்கடைச்ச மாதிரி சத்தம் அதனாலதான் (எனக்கு அது பிடிக்கும், வியோலாவ கிண்டல் பண்றவங்க பண்ணட்டும்). செல்லோ வியோலாவுக்கும் ஒரு ஸ்தாயி கீழ, அப்போ அதே கணக்குல வயலின் மாதிரி 3 மடங்கு, 108 செ.மீ. வரணும், நிஜத்துல 75 சொச்சம்தான். ஆனா பக்கப்பலகைய வயலின விட கிட்டத்தட்ட 4 மடங்கு ஆழமா வெச்சு உள்ள காத்துக்கு இடம் குடுத்துட்டாங்க, அதனால அடி கம்பில 65 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கியும் குரல் தேயாம கேக்குது, மேல ஏ கம்பில ஏறினா வயலின் ஏரியாவுக்குள்ளயே போயிடுது. அடித்தளமும் போடும், பாட்டும் பாடும், அந்த ரெண்டும் சமமா வர்றது இந்த நாலுல செல்லோவுக்கு மட்டும்தான்னு நான் சொல்லுவேன்.

விரல் வேலையும் வேற. செல்லோல பக்கத்து பக்கத்து விரலுக்கு அரை ஸ்வரம்தான் கிடைக்கும், வயலின்ல அதே எடத்துல முழு ஸ்வரமே வந்துடும். டபுள் பாஸ்ல இன்னும் மோசம், கீழ் பகுதில மோதிர விரலும் சுண்டு விரலும் சேந்து ஒரே விரலா வேலை செய்யும். செல்லோகாரங்க மேல ஏறும்போது கட்டைவிரலையே கம்பி மேல படுக்க வெச்சுடுவாங்க, வயலின்ல அது கிடையாது. இன்னொண்ணு, செல்லோல இடது கைக்கு வாத்தியத்த தாங்கற வேலை இல்ல, அடியில இருக்கற ஒரு கூரான தடிய தரைல ஊனிக்கிட்டு நிக்குது. நம்ம கச்சேரி வயலின் வித்வான்கள் தரைல உக்காந்து வயலின் தலைய கால்ல முட்டுக்குடுக்கறதும் கையை ஃப்ரீயா விடத்தான்.

காதால பிரிச்சு பாக்க பீத்தோவனோட அஞ்சாம் சிம்பொனி போதும், 1808ல அரங்கேறினது. ரெண்டாவது பகுதிய வியோலாவும் செல்லோவும் சேந்து பாடி ஆரம்பிக்கும், டபுள் பாஸ் கீழ சுண்டிக்கிட்டு இருக்கும். மூணாவது பகுதில செல்லோ கட்சி மாறி டபுள் பாஸோட சேந்து அடியிலேர்ந்து கிளம்பும். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸோட 'விலங்குகள் திருவிழா'ங்கற படைப்புல அன்னத்துக்கு செல்லோ, யானைக்கு டபுள் பாஸ், அந்த மனுஷன் ரொம்ப யோசிக்கல போல. டபுள் பாஸ் சோலோ வாசிக்கறவங்க நிறைய பேர் கம்பிய ஒரு முழு ஸ்வரம் ஏத்தி கட்டிக்கறாங்க, இல்லன்னா குரல் முன்னாடி வராது.

தூக்கிட்டு போறதுல மட்டும் வயலினும் வியோலாவும் ஜெயிச்சுடும், ஃப்ளைட்ல மேல வெச்சுக்கலாம். செல்லோவுக்கு தனி சீட் டிக்கெட் போடணும், டபுள் பாஸ்காரங்க பல பேர் போற ஊர்லயே ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கறாங்க.