கையொப்பமிட்ட முதற்பதிப்புகள்: மூன்று நூல்கள் வாங்கிய அனுபவம்

எழுத்தாளர் கையொப்பமிட்ட முதற்பதிப்புகளை மட்டுமே இணையவழி விற்கும் ஒரு விற்பனையாளரிடம் கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று நூல்கள் வாங்கினேன். இரண்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றாவதைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஒரு நூலை முதற்பதிப்பு என்று இவர் குறிப்பிட்டால் தயங்காமல் நம்பலாம். பேச்சு வழக்கில் நாம் பதிப்பையும் அச்சையும் ஒன்றாகவே கருதுகிறோம்; சேகரிப்பவர்களோ முதற்பதிப்பு என்னும்போது அதன் முதல் அச்சையே குறிக்கிறார்கள். பல ஆங்கிலப் பதிப்பகங்கள் காப்புரிமைப் பக்கத்தில் 1 முதல் 10 வரையிலான எண்களை வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொரு மறு அச்சின்போதும் இருப்பதிலேயே சிறிய எண்ணை நீக்கிவிடும். ஆகவே 1 இருந்தால் அது முதல் அச்சு. ஆனால் ராண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே 2-இல் தொடங்கும் வரிசையைப் போட்டு, கூடவே ‘முதற்பதிப்பு’ என்ற சொல்லை அச்சிட்டு வந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் அங்கே அசலையே மறு அச்சென்று ஒதுக்கிவிடுவார். இவர் ஒவ்வொரு நூலுக்கும் காப்புரிமைப் பக்கத்தின் தெளிவான படத்தை இடுவதோடு, இத்தகைய விதிவிலக்குகளையும் குறிப்பில் விளக்குகிறார்.

மேலுறை பற்றிய விவரங்களிலும் அதே நேர்மை தெரிகிறது. பழைய நூலின் மதிப்பில் பெரும்பங்கு, கிழிந்துபோகட்டும் என்றே தயாரிக்கப்பட்டதைப் போன்ற அந்த மெல்லிய தாளில்தான் இருக்கிறது. 1925-இல் வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் முதல் மேலுறையில், பின்புறத்தில் நாயகன் ஜே கேட்ஸ்பியின் பெயர் பெரிய ‘J’-க்குப் பதில் சிறிய ‘j’ எழுத்தில் தொடங்கிப் பிழையாக அச்சாகி, பெரும்பாலான பிரதிகளில் கையால் திருத்தப்பட்டது. அந்த ஓர் எழுத்துக்காக இன்றும் பூதக்கண்ணாடியோடு உட்காருகிறவர்கள் உண்டு. நான் வாங்கிய நாவலின் முதுகுப்பகுதி சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது என்றும், உள்மடிப்பில் விலை இருந்த மூலை வெட்டப்பட்டிருக்கிறது என்றும் முன்பே எழுதியிருந்தார். வந்த நூல் அப்படியே இருந்தது. பொதி கட்டிய விதத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் கையொப்பத்தில் இருக்கிறது. பதிப்பைப் பற்றி அரைப்பக்கம் எழுதுகிறவர், கையொப்பத்தைப் பற்றி ‘எழுத்தாளர் கையொப்பமிட்டது’ என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறார். மூன்றாவதாக வந்த சிறுகதைத் தொகுப்பில், தலைப்புப் பக்கத்துக்கு முந்தைய தாளில் கையொப்பம் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அந்தத் தாள் மற்றவற்றைவிடச் சற்றுத் தடிமனாகவும் வெண்மையாகவும் தெரிந்தது. நூலை மெதுவாக விரித்தேன். 16 பக்க ஃபாரமாக மடித்துத் தைத்த தாள்களுக்கிடையே இது மட்டும் தையலுக்குள் போகாமல், ஓரத்தில் மெல்லிய பசைக் கோட்டால் ஒட்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் பசை பிதுங்கி அடுத்த பக்கத்தையும் பற்றியிருந்தது.

இதனால் கையொப்பம் போலி என்றாகிவிடாது. எழுத்தாளர் உதிரித் தாள்களில் மொத்தமாகக் கையொப்பமிட்டுத் தர, பதிப்பகம் அவற்றை நூலில் சேர்ப்பது வழக்கமான முறைதான். ஆனால் அந்த நூல் எழுத்தாளரின் கைக்கு வந்ததே இல்லை என்பது ஒரு சேகரிப்பாளருக்குச் சின்ன விஷயமல்ல. தலைப்புப் பக்கத்திலேயே இட்ட கையொப்பம், ஒருவரின் பெயரெழுதி அளித்த பிரதி, எழுத்தாளருக்கு நெருக்கமான ஒருவரிடம் இருந்த பிரதி, ஒட்டிய தாள் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வேறு. அதிலும் தாளை ஒட்டியது பதிப்பகமா, பின்னாளில் வேறு யாரேனுமா என்று கேட்டதற்கு விற்பனையாளரிடம் பதில் இல்லை. நூலோடு வந்த சான்றிதழும் கையொப்பம் உண்மையானது என்று மட்டுமே கூறியது.

சான்றிதழின் வலு அதைத் தருபவரின் கவனத்தைத் தாண்டிப் போவதில்லை. 2022-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் நூலொன்றை, அவரே கையால் கையொப்பமிட்ட 900 பிரதிகள் என்று பதிப்பகமே உறுதிக் கடிதத்தோடு விற்றது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படமெடுத்து ஒப்பிட்டபோது, அவை கையொப்பமிடும் இயந்திரம் போட்டவை என்பது அம்பலமாகி, பணம் திருப்பித் தரப்பட்டது. மனிதக் கை ஒரே கையொப்பத்தை இருமுறை அச்சு அசலாகப் போடுவதில்லை. இயந்திரக் கோட்டில் அழுத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடும். என் முதல் இரண்டு நூல்களில் பேனா கடைசி எழுத்தை இழுத்துவிட்டு மேலெழும் இடத்தில் மை மெலிந்து தேய்வதைப் பார்த்த பிறகே நிம்மதியானேன்.

இரண்டு கடிதங்களுக்குப் பின் மூன்றாம் நூலின் தொகை முழுவதும் திரும்ப வந்தது. அஞ்சல் செலவு என்னுடையதாயிற்று. இவரிடம் இனியும் வாங்குவேன். ஆனால் கையொப்பமிட்ட தாள் நூலின் முதுகோடு சேரும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பின்பே பணம் கட்டுவேன். நான் திருப்பிய தொகுப்பு அடுத்த வாரமே மீண்டும் விற்பனைக்கு வந்திருந்தது. கையொப்பத்துக்கான குறிப்பு அதே ஒரு வரிதான்.