ஊரில் ஆட்டோமேட்டிக் வாட்ச் சர்வீஸ்: கடைக்கு எது, நம் மேசைக்கு எது

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களில், ஆட்டோமேட்டிக் வாட்சை, அதாவது கை அசைவிலேயே முறுக்கு ஏறும் வாட்சை, பிரித்து மாட்டிப் பழகுகிறவர்களுக்குச் சென்னைப் பயணம் லாபம்தான். பாரிமுனைப் பக்கத்து ரிப்பேர் கடைகளில் கண்ணாடி மாற்றுவது, தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் போடுவது, செயினில் கண்ணி எடுப்பது எல்லாம் நின்ற இடத்திலேயே முடியும். கைவேலையும் சுத்தம். மெஷினைத் திறக்கக் கொடுக்கும்போதுதான் விசாரிக்க வேண்டும்.

பல கடைகளில் ‘ஃபுல் சர்வீஸ்’ என்றால் பெட்ரோலில் அலசி, ஒரே ஆயிலை எல்லா இடத்திலும் தொட்டு வைப்பதுதான். சாவி கொடுக்கும் பழைய எச்எம்டி ஜனதா இதை ஓரளவு தாங்கும். ஆட்டோமேட்டிக் தாங்காது. அதன் மெயின் ஸ்பிரிங் (வாட்சை ஓட்டும் சுருள்) நுனி, அதை அடக்கிய டப்பாவான பேரலின் சுவரில் கொக்கி போட்டு மாட்டியதல்ல. சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும், முழு முறுக்கு ஏறியதும் வழுக்கும். அந்தச் சுவருக்கு மோபியஸ் கம்பெனியின் 8217 போலப் பிடிப்புள்ள கிரீஸ் வேண்டும். சாதா ஆயில் பட்டால் பாதி முறுக்கிலேயே வழுக்கிவிடும். பகலெல்லாம் கட்டியிருந்த வாட்ச் ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நிற்கும். கடையில் கேட்டால், முறுக்கு ஏற்றும் எடைத்தகடான ‘ரோட்டர் வீக்’ என்று பதில் வரும், நம்ப வேண்டாம். பேரலுக்கு என்ன கிரீஸ் போடுகிறீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கண்ணாடி வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரித்துப் பழக சீகோ 5-இன் 7எஸ்26 மெஷின் நல்லது. 21 கல் (தேய்மானம் குறைக்கும் செயற்கை மாணிக்கம்), மணிக்கு 21,600 துடிப்பு. பழைய சீகோ ஊரில் மலிவாகக் கிடைக்கும். டயல் மறுபெயின்ட் அடித்ததாக இருந்தாலும் பழகுவதற்குக் குறையில்லை. ரோட்டரையும், அதன் சுழற்சியைப் பேரலுக்குக் கடத்தும் இரண்டாம் ரிடக்‌ஷன் வீலையும் எடுத்தபின், பேரல் மேலுள்ள ராட்செட் ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு, முறுக்கு பின்வாங்காமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி, முறுக்கை மெதுவாக இறக்குங்கள். முறுக்கு இருக்கும்போதே, வீல்களைத் தடுத்துத் தடுத்து விடும் பேலட் ஃபோர்க்கை எடுத்தால் வீல்கள் தறிகெட்டுச் சுழன்று பல்லோ பிவட்டோ (வீல் அச்சின் நுனி) போய்விடும். பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் ஊறப்போடாதீர்கள், கல்லை ஒட்டியிருக்கும் அரக்கு கரையும். அதன் பிவட்டுகளுக்கு ஆயிலும் கிடையாது. வேகமாக ஓடும் வீல்களுக்கு மோபியஸ் 9010 என்ற மெல்லிய ஆயில் ஒரு துளியின் துளி போதும்.

திரும்ப மாட்டும்போது அதிகம் தவறுவது, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கு ஏற்றும் மேஜிக் லீவரில். இரண்டு நகங்களும் இரண்டாம் ரிடக்‌ஷன் வீலின் பல்லில் இருபுறமும் உட்கார வேண்டும். ஒன்று வெளியே நின்றாலும் ரோட்டர் சுற்றும், முறுக்கு சரியாக ஏறாது.

பாகங்களைக் கழுவும் லைட்டர் பெட்ரோலை விமானத்தில் விடமாட்டார்கள்; கழுவும் வேலையை ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

கடையில் கொடுப்பவர்கள் லீவின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும், சோதிக்க நாள் வேண்டுமே. துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் உள்ள கடையானால், அதில் லிஃப்ட் ஆங்கிளை (வாட்ச் மெஷினுக்கு மெஷின் மாறும் கோண அளவு) 7எஸ்26-க்கு 53 டிகிரி என்று மாற்றச் சொல்லுங்கள், பல டைம்கிராஃபர்களில் 52 என்றே கிடக்கும். முழு முறுக்கில் டயல் மேலே பார்த்து வைத்து அளந்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) 250 டிகிரி பக்கம் இருந்தால் நல்லது. 220-க்குக் கீழே என்றால் கழுவியது சரியில்லை என்றே சந்தேகப்படலாம். பிறகு ஒருநாள் முழுக்கக் கட்டியிருந்துவிட்டு அசையாமல் வையுங்கள். 7எஸ்26 என்றால் 40 மணி நேரம் வரை ஓட வேண்டும். 15 மணி நேரத்தில் நின்றால் அதே கடையில் பேரலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.