‘வார் கேம்ஸ்’ படத்து ஹேக்கிங்: எது நிஜம், எங்கே சறுக்கல்

1983-இல் வந்த இந்தப் படத்தை ஹேக்கிங்குக்காகவே இன்றும் பார்க்கலாம். பள்ளிக் கம்ப்யூட்டருக்குள் கதாநாயகனான மாணவப் பையன் நுழைவது எந்த மாயத்தாலும் அல்ல. அலுவலக மேசையில் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்துக்கொள்கிறான். பழைய பாஸ்வேர்டுகள் வரிசையாக அடித்திருக்க, கடைசியில் அடிபடாமல் நிற்பது ‘பென்சில்’. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் எழுதித்தான் வைப்பார்கள். படத்தின் மிக உண்மையான காட்சி இதுதான்.

அடுத்தது, கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரின் போன் எண்களையெல்லாம் கம்ப்யூட்டரை வைத்து வரிசையாக டயல் செய்து, மோடம் (கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) சத்தம் கேட்கும் எண்களைக் குறித்துக்கொள்வது. இதற்கு ‘வார் டயலிங்’ என்ற பெயரே படத்திலிருந்து வந்தது. அங்கே உள்ளூர் எண்ணுக்கு ஏழு இலக்கம்; அதில் முதல் மூன்று இலக்கம் ஒன்றாக இருக்கும் எண்கள் 10,000. ஒன்றுக்கு 35 விநாடி வைத்தாலும் இடைவிடாமல் நான்கு நாள் ஓடும். ராத்திரி பகலாக மெஷினை ஓடவிடுவது சரியே. சறுக்கல் ஒன்று: ரிசீவரை ரப்பர் கிண்ணங்களில் வைக்கும் மோடத்தால் தானாகப் போனை வைத்து மறுபடி டயல் செய்ய முடியாது. அதற்கு லைனில் நேராக இணையும் மோடம் வேண்டும்.

அப்படிச் சிக்கும் ஓர் எண் ராணுவக் கம்ப்யூட்டருடையது. அதன் புரோகிராமர் தனக்கென விட்டுவைத்த பின்வாசல் (ரகசிய நுழைவு வழி), அதற்கு இறந்த மகன் பெயரில் பாஸ்வேர்டு: இரண்டும் நம்பத்தக்கவை. அந்த ஆளைப் பற்றி நாள்கணக்கில் படித்துத்தான் பையன் பாஸ்வேர்டைப் பிடிக்கிறான். இந்தப் பொறுமையைக் காட்டிய படங்கள் குறைவு.

க்ளைமாக்ஸில்தான் படம் நிஜத்தைக் கைவிடுகிறது. அந்த ராணுவக் கம்ப்யூட்டர் தேடும் பத்து எழுத்து ஏவுகணை ரகசியக் குறியீடு ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ‘பூட்டிக்கொள்கிறது’. எழுத்தும் இலக்கமுமாக 36 குறிகள். பத்து இடத்துக்கும் சேர்த்துச் சுமார் 3,656 லட்சம் கோடி சேர்க்கைகள். நிஜத்தில் முழுக் குறியீடும் பொருந்தினாலொழிய சரியா தப்பா என்று தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் கிடைத்தால் 360 முயற்சியில் முடிந்துவிடும். அப்படிப் பதில் சொல்லும் பூட்டு பூட்டே அல்ல. ஆனால் 1970-களின் டெனெக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இப்படியொரு ஓட்டை நிஜமாகவே இருந்தது. பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, முதல் தப்பிலேயே நிறுத்திவிடும். சிஸ்டம் நினைவகத்தைப் ‘பக்கங்கள்’ என்ற துண்டுகளாகப் பிரித்துவைக்கும். முதல் எழுத்தை ஒரு பக்கத்தின் கடைசி இடத்திலும் மற்றவற்றை அடுத்த பக்கத்திலும் வைத்தால், முதல் எழுத்து சரியாக இருக்கும்போது மட்டும் சிஸ்டம் அடுத்த பக்கத்தைத் தொடும். தொட்டதைக் கவனித்தால் போதும். படம் இப்படியொரு காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்தக் காட்சியையும் ஏற்றுக்கொண்டிருக்கலாம்.